எட்டுப் பேருக்கான மேடை

நடந்தவை:

1. 2002-இல், டெக்சஸ் ரவுண்ட் ராக்கில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பார்க்கிங் லாட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்தோம். சோல், ஃபங்க் வாசிக்கிற பேண்ட்.

2. அடுத்த வருடம் ஏழு பேர் ஆனோம். 2005-இல் பதினான்கு பேர்.

3. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலிருந்து ஊர்ப் பூங்கா வரை பல இடங்களில் வாசித்தோம். நன்றாக இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

4. 2006 கோடையில் ஆஸ்டினில் ஒரு க்ளப்பில் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

5. அன்றோடு பேண்ட் முடிந்தது.

6. இதில் எந்தக் கட்டத்திலும் எங்கள் லீடர் யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை.

ஆறாவதுதான் மற்ற ஐந்துக்கும் காரணம் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அவர் வாணியம்பாடிக்காரர். கம்பெனியில் எங்கள் டெஸ்டிங் குழுவுக்கு லீட். நாற்பதைத் தாண்டியவர். நான் ‘அண்ணா’ என்று கூப்பிடுவேன். மதியம் சாப்பிட்டதும் தன் பழைய காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு கேசட் போட்டுக் கேட்பார். எழுபதுகளின் பாட்டுகள். பேஸ் கிட்டார் சத்தத்தில் காரின் நம்பர் பிளேட் அதிரும். அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். கல்லூரியில் படிக்கும்போது ஒரு இன்னிசைக் குழுவில் வாசித்தாராம்.

ஒருநாள் சர்வர் லேபில் வேலை பார்க்கும் டெனிஸ் அந்தப் பக்கமாக வந்தாள். உயரமான கறுப்பின அமெரிக்கப் பெண். சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவள். எதுவும் கேட்காமல் அவர் காரின் கூரையில் இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்தாள். நான் பக்கத்துக் காரில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“எனக்கு கீபோர்டு தெரியும்ணா. கோயம்புத்தூர்ல அஞ்சு கிரேடு முடிச்சிருக்கேன்.”

“அப்ப வாம்மா, சனிக்கிழமை” என்றார்.

வாசித்துக் காட்டு என்று கேட்கவில்லை. அதை அப்போது பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பார்க்கிங் லாட்டில் தொடங்கியதால் பேண்டுக்கு ‘பார்க்கிங் லாட்’ என்றே டெனிஸ் பெயர் வைத்தாள். ஒத்திகை அவர் வீட்டு கராஜில். ஃபங்க் என்றால் என்ன என்று எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே வரி. “முதல் தட்டுல எல்லாரும் ஒண்ணா வந்து விழணும். மத்த மூணு தட்டுலயும் அடுத்தவனுக்கு வழி விடணும். அவ்ளோதாம்மா.” அப்படித்தான் வாசிப்பார். ஒரு ஸ்வரம் வாசித்துவிட்டு இரண்டை விட்டுவிடுவார். அந்த விட்ட இடத்தில் நம் தலை தானாக ஆடும். அவரே ஒரு பாட்டு போட்டார், ‘தர்ட்டி ஃபைவ் சவுத்’ என்று. ஆபீஸ் விட்டு அந்தப் பெயருள்ள ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போவதுதான் பாட்டு. வார்த்தை கிடையாது. பேஸ் நகர்வதும் நிற்பதுமாக இருக்கும். கேட்டால் கால் பிரேக்கைத் தேடும்.

வாத்தியத்தில் இப்படி இடம் விடத் தெரிந்த மனிதர், கராஜில் கால் வைக்க இடம் இல்லாமல் செய்தார்.

யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் சத்தம் அதிகம் என்று புகார் சொல்ல வந்தார். அடுத்த வாரம் கோங்கா டிரம்மோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் சாக்ஸஃபோன் வாங்கிய அன்றே வந்தான். கிறிஸ்தவ வேதம் சொல்ல இரண்டு இளைஞர்கள் கதவைத் தட்டினார்கள். ஐந்து வேளை தொழுகிற மனிதர் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து முழுவதும் கேட்டார். அடுத்த வாரமும் வந்தார்கள். மூன்றாவது வாரம் அதில் ஒருவன், பள்ளியில் டிராம்போன் வாசித்திருக்கிறேன் என்றான். “கொண்டு வா” என்றார். நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பேண்டில் டெனிஸுக்கும் அவருக்கும் அடுத்தபடி உண்மையான வித்வான் அந்தப் பையன்தான். வேறு யாராக இருந்தாலும் அவனை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

அவர் மனைவியை அக்கா என்பேன். ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “இவருக்கு ‘நோ’ன்னு வாய்ல வராது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் வரல. அதான் நான் இங்க நின்னு கரண்டி பிடிக்கிறேன்.”

உள்ளேயிருந்து அவர், “வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

“என் தங்கச்சியக் காட்டியிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பீங்க!”

ஆபீஸிலும் இதே கதைதான். யாராவது பிழையே இல்லாததை ‘பக்’ என்று பதிவு செய்தால் லீட் அதை ‘ரிஜெக்ட்’ செய்ய வேண்டும். அவர் ரிஜெக்ட் செய்து நான் பார்த்ததில்லை. ‘டெஃபர்’ என்று போடுவார், அதாவது பிறகு பார்க்கலாம். எங்கள் ப்ராஜெக்ட்டில் பிறகு பார்க்கப்படாத விஷயங்கள் மலையாகக் குவிந்திருந்தன.

ஏழு பேர் ஆன சமயத்தில் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கராஜ் மூலையில் ஒரு பழைய சவுண்ட் மிக்ஸர் வாங்கி வைத்திருந்தார். பதினாறு சேனல்.

“மைக் எல்லாம் கன்னாபின்னான்னு கத்துதும்மா. இதுக்கு ஒரு காது வேணும். உனக்கு அந்தக் காது இருக்கு. நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பொண்ணு. வேற யார நம்பிக் குடுக்கறது, சொல்லு?”

“அப்ப கீபோர்டு?”

“அது எங்க போகப் போவுது?”

பெருமையாக இருந்தது. மேனுவலை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு கேபிளுக்கும் கலர் டேப் சுற்றினேன். மிக்ஸிங் எனக்கு நன்றாகவே வந்தது. கீபோர்டு என் காரின் டிக்கியில் இருந்தது. பிறகு அபார்ட்மெண்ட்டுக்குப் போய்விட்டது.

ராமநாதன் அங்கிள் வந்தது 2004-இல். திருச்சியில் பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். கார் ஓட்டத் தெரியாது. நடந்து போக எதுவும் இல்லை. அபார்ட்மெண்ட் ஜன்னல் வழியாக ஸ்பிரிங்ளர் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அண்ணாவை ஒரு கொலு வீட்டில் சந்தித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்துக் காட்டினார். கதை அங்கேயே முடிந்துவிட்டது. சனிக்கிழமை அண்ணாவே போய் அவரை அழைத்துவந்தார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும். அடுத்த வருடம் அங்கிள் மறுபடி வந்தபோது ஏர்போர்ட்டுக்கும் போனார்.

அங்கிளுக்கு ஸ்ருதி தெரியும். தாளம்தான் தனி வழி. எல்லாரும் விடும் இடைவெளியில் எல்லாம் அவர் இருப்பார்.

டெனிஸ் நேராகப் பேசுகிறவள். ஒரு ஒத்திகையில் பாதியில் குச்சிகளைக் கீழே வைத்தாள். “எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சாதான் இது ஃபங்க். இப்ப இது பஸ் ஸ்டாண்டு” என்றாள் ஆங்கிலத்தில். அவர் சிரித்தார். “வந்தவங்கள எப்படி, டெனிஸ், ‘போ’ன்னு சொல்றது?” என்றார். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. போ என்றுதான் சொல்வது, வேறென்ன?

2005 பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் மேடை. ஆரம்பிக்கும் முன் என் பக்கம் குனிந்தார்.

“ராமநாதன் அங்கிள இன்னிக்குக் கொஞ்சம் பத்திரமா பாத்துக்கம்மா.”

நான் அங்கிளின் சத்தத்தை ஏற்றிவைத்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் அண்ணா மேடையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டேன். அவர் மைக் சத்தத்துக்கான ஃபேடரை இறக்கினேன். இதில் ஒரு நுட்பம் உண்டு. மேடையில் வாசிப்பவர்கள் காலடியில் அவர்களுக்கு மட்டும் கேட்கிற சிறிய ஸ்பீக்கர் இருக்கும். அதில் அங்கிளின் மவுத் ஆர்கன் கணீரென்று ஒலித்தது. சபைக்குப் போகும் பெரிய ஸ்பீக்கரில் அவர் இல்லை. அங்கிள் கண்ணை மூடி, உருகி வாசித்தார்.

இரண்டாவது பாட்டில் சபை எழுந்து ஆடியது. பட்டுப்புடவை கட்டிய ஆன்ட்டிகள் ஆடினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ‘பத்திரமா பாத்துக்க’ வேண்டியவர்கள் கூடினார்கள். கோங்கா, இரண்டாவது கிட்டார், டாம்பரின் வாசித்த ஒரு ஆன்ட்டி, சாக்ஸஃபோன். மேடையில் பதிமூன்று பேர் வாசிப்பார்கள். கீழே ஏழெட்டுப் பேர் வாசிப்பதுதான் கேட்கும். கேட்டவர்கள், இத்தனை பேர் இருந்தும் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று வியந்தார்கள். டெனிஸுக்குத் தெரியும். ஒருமுறை என் தோளைத் தட்டி, “இந்த பேண்டோட லீடர் நீதான்” என்றாள். அதை அண்ணா முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “இன்னிக்குப் பின்னிட்டீங்க” என்பார். பொய் சொல்கிறோம் என்ற தயக்கமே அந்த முகத்தில் இருக்காது. அந்த நேரத்தில் அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

2006 பொங்கல் நிகழ்ச்சியை மிக்ஸரிலிருந்தே பதிவு செய்திருந்தேன். டெனிஸ் அந்த சி.டி.யைத் தன் உறவினர் மூலமாக ஆஸ்டினில் ஒரு க்ளப்புக்குக் கொடுத்தாள். கோடையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெரிய பேண்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வாசியுங்கள் என்றார்கள். நன்றாக இருந்தால் மாதம் ஒருமுறை. எங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சங்கத்து மேடை நம்மைத் தெரிந்தவர்கள் தருவது. இது எங்களைத் தெரியாதவர்கள், கேட்டுவிட்டுக் கூப்பிட்டது. அவர் அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் காரிடாரில் விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். இருபது வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று அக்காவிடம் சொன்னாராம்.

ஒரே நிபந்தனை. மேடை சின்னது. எட்டுப் பேர்தான்.

“நீயே சொல்லிடு, இல்லன்னா நான் சொல்றேன்” என்றாள் டெனிஸ்.

“ஐயோ, வேணாம். நானே சொல்றேன்.”

நான்கூட அவர்களிடம் பேசுகிறேன் என்றேன். “நம்ம வீட்டுக்கு வந்தவங்கள ஒரு பொண்ண விட்டுப் போகச் சொல்றதா? நல்லாவா இருக்கும்? நான் பாத்துக்கறேம்மா” என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். “சொல்லிட்டீங்களாண்ணா?”

“டைம் இருக்கேம்மா.”

அந்த இடைவெளியில்தான் ராமநாதன் அங்கிள் எனக்கு ஃபோன் செய்தார். அண்ணாவே அவருக்கு அந்த சி.டி.யில் ஒரு காப்பி கொடுத்திருந்தார். அங்கிள் கேட்டார் என்பதற்காக. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாதே. அங்கிள் பேத்தியை உட்காரவைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவளுக்கு ஆறு வயது. பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, “வேர் ஆர் யூ, தாத்தா?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஸ்பீக்கர் சரியில்லையோன்னு ஹெட்ஃபோன் போட்டும் கேட்டேம்மா” என்றார் அங்கிள். “ரெக்கார்டிங்ல விட்டுப்போச்சா?”

“அண்ணாகிட்ட கேக்கறேன் அங்கிள்” என்றேன். அண்ணாவிடம் சொன்னேன். “நான் நேர்ல போய்ப் பேசறேன்” என்றார். போகவில்லை. வழக்கம்போல் சனிக்கிழமை அவரை ஒத்திகைக்கு அழைத்துவந்தார், வழியெல்லாம் திருச்சி வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே.

க்ளப்பின் பின்வாசல் ஒரு சந்தில். வெயில் இறங்காத சாயங்காலம். பதினான்கு பேரும் வந்திருந்தோம். டாம்பரின் ஆன்ட்டி மல்லிகைப்பூ வைத்திருந்தார். ராமநாதன் அங்கிள் மடிப்புக் கலையாத புதுச்சட்டையை இன் பண்ணியிருந்தார். அக்கா மூன்று அலுமினியத் தட்டு நிறைய பிரியாணி கொண்டுவந்திருந்தார். க்ளப்பின் மேனேஜர் பெண் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தாள். “எட்டு” என்றாள்.

“அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நெருக்கி நின்னுக்கறோம்” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தலையாட்டவில்லை. ஃபயர் ரூல்ஸ் என்றாள். ரெடியானதும் தட்டுங்கள் என்று கதவைச் சாத்தினாள்.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். தோளில் பேஸ் கிட்டார் தொங்க, முன்னால் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ராமநாதன் அங்கிள்தான் பேசினார். “தம்பி, எதுக்குச் சங்கடப்படறீங்க? நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்கு. சி.டி.ல கேட்டேனே.”

“எந்த சி.டி.? பொங்கல் சி.டி.யா?” என்றார் டாம்பரின் ஆன்ட்டி. அவரிடமும் இருந்தது. “ஆமா, நானும் அதுல இல்லியே! மைக் வேலை செய்யலன்னு இவ அன்னிக்குச் சொன்னா” என்று என்னைக் காட்டினார். சாக்ஸஃபோன் பையன் என்னைப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருக்கும் புரிந்துவிட்டது.

அங்கிள் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. “முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் வீட்ல உக்காந்து ப்ராக்டிஸ் பண்ணியிருப்பேனே. எனக்கு வேற என்ன வேலை இங்க?”

அண்ணா தோளிலிருந்து பேஸைக் கழற்றினார். அதை அதன் பெட்டியில் வைத்து மூடினார். “நான் வரல. நீங்க எட்டுப் பேர் போங்க” என்றார். யார் அந்த எட்டு என்று அப்போதும் சொல்லவில்லை. அவரால் கழிக்க முடிந்த ஒரே ஆள் அவர்தான்.

டெனிஸ் அவரைத் திட்டினாள். கெஞ்சினாள். பேஸ் இல்லாமல் ஃபங்க்கா என்று கத்தினாள். அவர் நடைபாதை ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவளே விரலை நீட்டி, நீ, நீ, நீ என்றாள். சில நொடிகளில் முடிந்துவிட்ட காரியம். கடைசி விரல் என் பக்கம் வந்தது. க்ளப்பில் மிக்ஸருக்கு அவர்கள் ஆள் இருந்தான். மேடையில் ஒரு கீபோர்டும் இருந்தது. “இடது கையில பேஸ் வாசி. அவர் வாசிச்சதத்தான் இத்தனை வருஷமா கேட்டிருக்கியே.”

கேட்டிருந்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் தெரியும். எல்லாவற்றையும் சரியாக வாசித்தேன். ‘தர்ட்டி ஃபைவ் சவுத்’தில் அவர் நிறுத்தும் இடங்களில் என் கை நிற்கவில்லை. காலியாக விடப் பயமாக இருந்தது, நிரப்பிக்கொண்டே போனேன். டெனிஸ் என்னைச் சுற்றி வாசிக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். டிராம்போன் பையன் பாவம், ஒருவனாக இழுத்தான். கீழே இருந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். முடிந்ததும் மரியாதைக்குத் தட்டினார்கள். மேனேஜர் பெண் நன்றி சொன்னாள். அடுத்த மாதம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சிம்பல் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே டெனிஸ் சொன்னாள். குரலில் கடுமை இல்லை. “நீ டைப் அடிக்கிற மாதிரி வாசிக்கிற. அவர் உன்னை ஏன் மிக்ஸருக்கு அனுப்பினார்னு நெனச்ச?”

நான் கீபோர்டின் சுவிட்சை அணைத்தேன்.

“‘அவகிட்ட சொல்லிடு, ஒரு மாசத்துல திருத்திக்குவா’ன்னு அவர்கிட்ட அப்பவே சொன்னேன். பாவம், சின்னப் பொண்ணு, மனசு கஷ்டப்படும்னார்.”

வெளியே வந்தேன். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். நடைபாதை ஓரத்தில் அவரும் ராமநாதன் அங்கிளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரியாணித் தட்டு. அங்கிள் மவுத் ஆர்கனைத் துடைத்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணா எழுந்து நின்றார்.

“நல்லா இருந்துச்சும்மா. இங்க வரைக்கும் கேட்டுச்சு. பின்னிட்ட.”

அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் அதே நம்பிக்கை. நான் “தேங்க்ஸ்ணா” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கராஜ் கதவு திறந்திருந்தது. அக்கா சுண்டல் செய்திருந்தார். நானும் டிராம்போன் பையனும் போயிருந்தோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் கதவு திறந்திருந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பேண்ட் முடிந்துவிட்டது என்று அண்ணா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், “கொஞ்ச நாள் போகட்டும்” என்றார்.

இது 2009. டெனிஸ் ரவுண்ட் ராக்கில் தன் சர்ச்சில் வாசிக்கிறாள். ராமநாதன் அங்கிள் 2006 கோடையில் திருச்சிக்குப் போனவர் மறுபடி வரவில்லை. மகன்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நான் எடிசனில் இருக்கிறேன். மன்ஹாட்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். இரண்டு வருடமாக ஒரு டீச்சரிடம் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன். முதல் நாள் நான் ஒரு பாட்டு வாசித்து முடித்ததும் அவர், “இது நல்லா இல்லை. பாதியை எடுத்துடு” என்றார். ஒரு வாரம் அழுதேன். பிறகு பாதியை எடுத்தேன்.

அண்ணா வேலை மாறி இர்விங்கில் இருக்கிறார். ரம்ஜானுக்கு நான் ஃபோன் செய்வேன். அங்கே ஒரு புது பேண்ட் ஆரம்பித்திருக்கிறாராம். இப்போது பதினொரு பேர். மிக்ஸரில் யார் உட்கார்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.